கறுப்பருக்கு மட்டுமே!

இங்கிலாந்தின் வடபகுதியிலே, பிரெஸ்டன் நகருக்குச் சற்றுத் தெற்கே, பேம்பர் பிரிட்ஜ் என்று ஓர் ஊர். பஞ்சாலைத் தொழிலாளர் வாழ்ந்த ஊர். பேரரசர் பிறந்த ஊருமல்ல. பெரும்போர் நடந்த களமுமல்ல. 1943ஆம் ஆண்டு, உலகையே உலுக்கிய போர் உச்சத்தில் இருந்த வேளையிலே, அந்த ஊரின் மூன்று மதுக்கடைகளிலே ஒரு பலகை தொங்கிற்று என்று ஊரார் சொல்லி வந்திருக்கின்றனர். பலகையில் இருந்த வாசகம் இதுதான்: கறுப்புச் சிப்பாய்களுக்கு மட்டுமே!

'வெள்ளையருக்கு மட்டும்' என்ற பலகையைப் பற்றி நாம் நிரம்பக் கேட்டதுண்டு. தென்னாப்பிரிக்காவிலே அது தொங்கிற்று. அமெரிக்காவின் தென் மாநிலங்களிலே, இரயிலடியில், உணவு விடுதியில், குடிதண்ணீர்க் குழாயருகில்கூடத் தொங்கிற்று. தனிக் குவளை என்றால் என்ன என்பதை இந்த ஏட்டைப் படிப்போருக்கு விளக்க வேண்டியதுமில்லை. ஆனால் இது தலைகீழ்ப் பலகை! வெள்ளையர் ஊரிலே, வெள்ளையர் கடையிலே, வெள்ளையரே எழுதி மாட்டிய பலகை. வெளியே நில் என்று அது சொன்னது வெள்ளைச் சிப்பாயைப் பார்த்து! இந்த விந்தை எப்படி விளைந்தது?

1941 டிசம்பரில் ஜப்பானியர் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கினர். அமெரிக்கா போரில் இறங்கிற்று. அடுத்த மாதமே அமெரிக்கப் படையின் முதல் அணி பெல்ஃபாஸ்ட் துறைமுகத்தில் வந்திறங்கியது. பிறகு வந்தனர், வந்தனர், வந்துகொண்டே இருந்தனர். நார்மண்டிக் கரைமீது பாய்ந்திட 1944 ஜூன் மாதத்தில் நாள் குறிக்கப்பட்டபோது, பிரிட்டனிலிருந்த அமெரிக்கப் படையினர் ஏறத்தாழ 15 இலட்சம். அவர்களிலே 1,30,000 பேர் அளவில் கறுப்பர்.

எதற்காக வந்தனர்? இட்லரை ஒழிக்க. ஆளப் பிறந்தது ஆரிய இனமே, மற்ற இனமெல்லாம் அடிமை இனம் என்ற அந்த ஆணவத்தை அடியோடு அழிக்க. இப்படித்தான் உலகுக்குச் சொல்லப்பட்டது. எப்படி வந்தனர்? அதுதான் வேடிக்கை! தனிப் படைப்பிரிவாக வந்தனர். தனிப் பாசறையில் தங்கினர். செஞ்சிலுவைச் சங்கத்தின் பொழுதுபோக்கு மன்றங்களிலும் வெள்ளையருக்கு ஓர் இடம், கறுப்பருக்கு வேறோர் இடம். பல ஊர்களிலே, வெள்ளைச் சிப்பாய் ஊருக்குள் உலவ ஒரு நாள், கறுப்புச் சிப்பாய்க்கு மறுநாள் என்று முறை வைத்தனர். இருவரும் ஒரே நாளில் ஒரே தெருவில் நடந்தால் என்ன ஆகிவிடும் என்று அஞ்சினரோ!

வேலையிலும் அதே பாகுபாடு. பெரும்பாலான கறுப்பருக்குப் போர்முனைப் பணி தரப்படவில்லை. லாரி ஓட்டு, குண்டுகளை ஏற்று, கப்பலிலிருந்து மூட்டையை இறக்கு, சாலை போடு, சமையல் செய்: இவையே அவர்களுக்கு. அவர்களை ஆட்டிப் படைக்கும் அதிகாரிகளோ, பெரும்பாலும் வெள்ளையர். இனவெறியை ஒழிக்கப் புறப்பட்ட படை, இனவெறியைத் தன் மூட்டை முடிச்சோடு கட்டி எடுத்துக்கொண்டே கப்பலேறிற்று.

அந்தப் படை வந்திறங்கிய நாட்டிலே, போருக்கு முன்பு கறுப்பர் சில ஆயிரவரே. கார்டிஃப், லிவர்பூல், இலண்டன் போன்ற துறைமுகங்களிலேதான் அவர்கள் வாழ்ந்தனர். நாட்டுப்புறத்து ஆங்கிலேயரில் பலர் கறுப்பு மனிதரை நேரில் கண்டதே இல்லை. அவர்களிடம் வெள்ளைச் சிப்பாய்கள் சிலர் ஓர் 'அறிவியல் உண்மையை' எடுத்துரைத்தனர்: கறுப்பருக்கு வால் உண்டாம்! சிரிக்காதீர்கள். பல சிற்றூர்களிலே இது பேசப்பட்டதென்பது அந்நாளில் வாழ்ந்தவர்கள் பின்னர் எடுத்துரைத்த செய்தி. வானளாவிய மாளிகைகளைக் கட்டிய நாட்டின் மக்கள், வானவூர்தி ஓட்டக் கற்ற இளைஞர்கள், கடல் கடந்து வந்து பரப்பிய கட்டுக்கதை இது. சில நாட்களில் சிற்றூர் மக்களுக்கு உண்மை விளங்கிவிட்டது. வந்தவர்கள் வணக்கம் சொன்னார்கள், குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார்கள், மாதா கோயிலிலே பாடினார்கள். வாலைக் காணோம்!

வால் கதை பாமரர் கதை என்று தள்ளிவிடலாம். மெத்தப் படித்தோர் வகுத்த விதி ஒன்றைப் பாருங்கள். 1940இல் ஜெர்மானிய விமானங்கள் பிரிட்டன்மீது குண்டு பொழிந்தபோது, காயமுற்றோரைக் காக்க நியூயார்க் நகரில் குருதி திரட்டி, அதிலிருந்து பிளாஸ்மாவைப் பிரித்து, கடல் கடந்து அனுப்பும் ஏற்பாடு நடந்தது. அதை முறைப்படுத்தி நடத்தித் தந்த மருத்துவ அறிஞர் சார்லஸ் ட்ரூ. அவர் ஒரு கறுப்பர். பிறகு அமெரிக்காவே போரில் இறங்கியபோது, செஞ்சிலுவைச் சங்கம் கறுப்பரின் குருதியை ஏற்க முதலில் மறுத்தது. கண்டனம் எழுந்த பின்னர், 1942 ஜனவரியில், ஏற்போம், ஆனால் தனியே வைப்போம் என்றது. குருதிக்கும் தனிச் சீட்டு! நிறத்தைக் கொண்டு குருதியைப் பிரிப்பதற்கு அறிவியலில் ஆதாரமே இல்லை என்று ட்ரூ எடுத்துக் காட்டினார். கேட்பார் யார்? அந்தப் பாகுபாடு 1950 வரை நீடித்தது. ஆயிரக்கணக்கான ஆங்கிலேயரின் உயிர்காக்கும் முறையை அமைத்துத் தந்த அந்த மனிதரின் குருதியையும் தனிப் பெட்டியில்தான் வைத்திருப்பார்கள்.

பிரிட்டன் மட்டும் தூய்மையின் திருவுருவமாக இருந்ததோ? இல்லை. கடல்களுக்கு அப்பால் கோடிக்கணக்கான கறுப்பரையும் பழுப்பு நிறத்தாரையும் கட்டி ஆண்ட ஏகாதிபத்தியம் அல்லவா அது! 1942 அக்டோபரில் சர்ச்சிலின் அமைச்சரவை இந்தச் சிக்கலை விவாதித்தது. குடியேற்ற நாடுகளின் அமைச்சர் ஒரு குறையைச் சொன்னார்: என் அலுவலகத்தில் பணியாற்றும் கறுப்பர் ஒருவர் வழக்கமாக உண்ணும் விடுதிக்கு இப்போது அமெரிக்க அதிகாரிகள் வருகிறார்கள், ஆகவே அவரை உள்ளே விடுவதில்லை என்று. சர்ச்சில் என்ன சொன்னார்? ஒரு பாஞ்சோ வாத்தியத்தைக் கையில் எடுத்துப் போகட்டும், வாத்தியக் கோஷ்டியைச் சேர்ந்தவர் என்று எண்ணிக்கொள்வார்கள் என்றார்! உடனிருந்த ஓர் அதிகாரியின் நாட்குறிப்பிலே இந்த நகைச்சுவை இடம்பெற்றிருக்கிறது. விவாதம் கடைசியில் நழுவலில் முடிந்தது. நிறத்தடையைச் செயற்படுத்த நம் போலீசார் உதவமாட்டார்கள். ஆனால் அமெரிக்கர் தம் படைக்குள் என்ன செய்துகொண்டாலும் குறுக்கே நிற்கமாட்டோம். நம் சிப்பாய்கள் அமெரிக்கரின் மனப்பான்மையை அறிந்து, கறுப்பரோடு மிக நெருங்காதிருப்பது நல்லது. இதுதான் முடிவின் சாரம். பாம்புக்கும் நோகாமல் கோலுக்கும் நோகாமல்!

மேலிடத்தின் இந்தப் போக்கைப் பின்பற்றிச் சீமாட்டிகள் சிலரும் கிளம்பினர். சோமர்செட் மாவட்டத்திலே வொர்ல் என்ற ஊரின் பாதிரியார் மனைவி, ஊர்ப் பெண்களைக் கூட்டி நடத்தை விதிகள் வகுத்தார். கறுப்புச் சிப்பாய் எதிரே வந்தால் தெருவின் மறுபுறம் செல். திரைப்படக் கொட்டகையில் பக்கத்தில் வந்து அமர்ந்தால் எழுந்து வேறிடம் போ. கடை வைத்திருந்தால் பொருளைச் சீக்கிரம் கொடுத்தனுப்பு, மீண்டும் வராதே என்பதை உணர்த்து. ஆண்டவன் முன் அனைவரும் சமம் என்று ஞாயிறுதோறும் ஓதும் இல்லத்திலிருந்து வந்த அறிவுரை! கேட்ட பெண்கள் சினந்தனர். 1942 செப்டம்பரில் 'சண்டே பிக்டோரியல்' ஏடு இதை நாடறிய வெளியிட்டுச் சாடிற்று.

இனி, பேம்பர் பிரிட்ஜ். அங்கே பாசறை அமைத்திருந்தது 1511ஆம் லாரிப் படைப்பிரிவு. சிப்பாய்கள் கறுப்பர், அதிகாரிகள், ஒரே ஒருவர் தவிர, வெள்ளையர். ஊரின் மறுபுறத்திலே அமெரிக்க இராணுவப் போலீசாரின் முகாம்; அவர்கள் வெள்ளையர். ஊராரோ கறுப்புச் சிப்பாய்களைத் தம் வீட்டுப் பிள்ளைகள்போல நடத்தினர். இங்கே நிறத்தடை வேண்டும் என்று அமெரிக்கத் தளபதிகள் கேட்டனர். அதற்கு ஊரார் தந்த விடைதான் அந்தப் பலகை என்கிறார்கள். நிறத்தடைதானே வேண்டும்? இதோ, வைத்துக்கொள்!

1943 ஜூன் 20ஆம் நாள் அமெரிக்காவிலே, டெட்ராய்ட் நகரிலே இனக்கலவரம் மூண்டது. 34 பேர் மாண்டனர். அவர்களில் 25 பேர் கறுப்பர். அந்த 25 பேரிலே 17 பேர் போலீசாரின் கையால் மாண்டவர்கள். செய்தி கடல் கடந்து வந்தது. பாசறையிலே கொதிப்பு. நான்கு நாட்கள் கழிந்தன.

ஜூன் 24 இரவு. கூரை வேய்ந்த பழைய மதுக்கடை ஒன்று, பெயர் ஹாப் இன். அங்கே கறுப்புச் சிப்பாய்கள் சிலர் ஊராரோடு அமர்ந்து குடித்துப் பேசிக்கொண்டிருந்தனர். இராணுவப் போலீசார் இருவர் நுழைந்தனர். ஒரு சிப்பாய் முறையான சீருடையில் இல்லை. அவனைக் கைது செய்ய வேண்டும் என்றனர். சட்டைக் குற்றம்! ஊரார் எழுந்தனர். பிரிட்டிஷ் படையின் துணைப்பிரிவைச் சேர்ந்த பெண் ஒருத்தி, எதற்காக இவர்களைப் பிடிக்கிறீர்கள், யாருக்கும் எந்தத் தொல்லையும் தரவில்லையே என்று கேட்டாள். போலீசார் கைத்துப்பாக்கியை உருவினர். கறுப்பு ஹவில்தார் ஒருவர் குறுக்கிட்டு நிலைமையைத் தணித்தார். போலீசார் வெளியேறினர்; அவர்கள் ஏறிய ஜீப்மீது ஒரு புட்டி வந்து விழுந்து உடைந்தது. புட்டி எறிந்ததை நான் மறைக்கவில்லை. ஆனால் புட்டிக்குப் பதில் என்ன வந்தது?

போலீசார் மேலும் ஆட்களைச் சேர்த்துக்கொண்டு, பாசறைக்குத் திரும்பி நடந்துகொண்டிருந்த சிப்பாய்களைச் சாலையிலே வழிமறித்தனர். கைகலப்பு. பிறகு துப்பாக்கி வெடித்தது. ஒருவன் கழுத்தில் குண்டு பாய்ந்தது. வில்லியம் கிராஸ்லண்ட் என்ற சிப்பாய் முதுகிலே குண்டு பட்டு வீழ்ந்து இறந்தான். ஜெர்மானியன் சுட்ட குண்டல்ல. அவன் அணிந்த அதே சீருடை அணிந்தவன் சுட்ட குண்டு.

செய்தி பாசறையை எட்டிற்று. நம் எல்லோரையும் கொல்ல வருகிறார்கள் என்று வதந்தி பரவிற்று. படைப்பிரிவின் ஒரே கறுப்பு அதிகாரி சிப்பாய்களிடையே சென்று அமைதிப்படுத்த முயன்றார். ஓரளவு அடங்கிற்று. அந்த வேளை பார்த்து, நள்ளிரவில், இயந்திரத் துப்பாக்கி பொருத்திய வண்டியோடு இராணுவப் போலீசார் பாசறை வாயிலுக்கு வந்தனர்! அதன்பின் யார் அடக்க முடியும்? சிப்பாய்கள் கிடங்கை உடைத்துத் துப்பாக்கிகளை எடுத்தனர். இருட்டிலே, ஆங்கிலச் சிற்றூரின் தெருக்களிலே, அமெரிக்கரும் அமெரிக்கரும் விடியற்காலை நான்கு மணி வரையில் சுட்டுக்கொண்டனர். மாண்டவர் கிராஸ்லண்ட் ஒருவரே, காயமுற்றோர் எழுவர்.

நீதி எப்படி நடந்தது? இராணுவ நீதிமன்றம் 32 கறுப்புச் சிப்பாய்களைப் படைக்கலகம் முதலான குற்றங்களுக்காகத் தண்டித்தது. மூன்று மாதம் முதல் 15 ஆண்டு வரை சிறை. கிராஸ்லண்டைக் கொன்றவருக்கு என்ன தண்டனை என்று கேட்காதீர்கள். ஆயினும், தொடர்ந்து நடந்த விசாரணை ஒன்றை மூடி மறைக்க முடியவில்லை. எட்டாம் விமானப் படையின் தளபதி ஐரா ஈக்கர், பழியின் பெரும்பங்கு வெள்ளை அதிகாரிகள்மீதும் போலீசார்மீதுமே என்று கண்டார். மோசமான தலைமை, இழிசொல், இறுமாப்பு ஆகியவையே காரணம் என்றார். தகுதியற்ற அதிகாரிகளை விலக்கினார்; இராணுவப் போலீசிலே கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து ரோந்து செல்ல வகை செய்தார். தண்டனைகள் குறைக்கப்பட்டன, 13 மாதங்களுக்கு மேல் எவரும் சிறையில் இருக்கவில்லை. ஒரு தளபதி தம் படையின் பிழையைத் தாமே ஒப்புக்கொண்டது அந்நாளில் சிறு செயலன்று.

அந்த இரவு முடிந்து ஐந்து வாரங்கள். இலண்டன், ஜூலை 30. புகழ் பெற்ற கிரிக்கெட் வீரர் லியரி கான்ஸ்டன்டைன், மேற்கிந்தியத் தீவினர், மனைவி மகளோடு இம்பீரியல் ஓட்டலுக்கு வந்தார். நான்கு இரவுக்கு அறை கேட்டு, நிறத்தால் தடையுண்டா என்று முன்கூட்டியே விசாரித்து, இல்லை என்ற பதிலையும் பெற்று வந்தவர். தொழிலாளர் அமைச்சகத்தில் நல அதிகாரியாகவும் பணியாற்றியவர். ஓட்டலிலே அமெரிக்கர் தங்கியிருக்கிறார்கள், அவர்கள் விரும்பமாட்டார்கள், ஓர் இரவுக்கு மேல் இடமில்லை என்றனர். அவர் வழக்குத் தொடுத்தார். 1944 ஜூனில் நீதிபதி பிர்க்கெட் அவர் பக்கம் தீர்ப்பளித்தார். ஆனால் கவனியுங்கள்: நிறபேதம் குற்றம் என்று சொல்லும் சட்டமே அந்த நாட்டில் அன்று இல்லை. வழிப்போக்கருக்கு விடுதிக்காரர் இடம் தர மறுக்கலாகாது என்ற பழைய வழக்கத்தைப் பிடித்துக்கொண்டுதான் தீர்ப்பளிக்க முடிந்தது. இழப்பீடு ஐந்து கினி!

அதே 1944. பாத் நகரம். உரோமர் கட்டிய வெந்நீர்க் குளங்களால் பெயர் பெற்ற ஊர். 1942 ஏப்ரலில் ஜெர்மானிய விமானங்கள் அந்நகரைத் தாக்கியதில் 400க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்தத் துயரின் வடு ஆறாத ஊர்.

லீராய் ஹென்றி என்ற கறுப்பு லாரி ஓட்டுநர், அந்நகரை அடுத்த கூம் டவுன் பகுதிப் பெண் ஒருத்தியைப் பலாத்காரம் செய்ததாக மே மாதத்தில் குற்றம் சாட்டப்பட்டார். நள்ளிரவில் கதவைத் தட்டி வழி கேட்டார், வழி காட்ட உடன் சென்றேன் என்றாள் அந்தப் பெண். முன்பே அறிமுகமானவள், பணம் கொடுத்துப் பழகினேன், இம்முறை கூடுதலாகக் கேட்டாள் என்றார் ஹென்றி. வாக்குமூலத்தில் கையெழுத்திட்டது துன்புறுத்தலுக்குப் பிறகே என்றும் சொன்னார். இராணுவ நீதிமன்றம் அவரைத் தூக்கிலிடத் தீர்ப்பளித்தது. பலாத்காரக் குற்றத்துக்கு மரண தண்டனை இங்கிலாந்தில் 1841இலேயே நீங்கிவிட்டது. ஆனால் 1942இல் இயற்றிய ஒரு சட்டம், பிரிட்டிஷ் மண்ணிலேயே அமெரிக்கப் படை தன் சிப்பாய்களைத் தன் சட்டப்படி விசாரிக்கவும் தூக்கிலிடவும் உரிமை தந்திருந்தது. ஷெப்டன் மாலட் சிறையில் அப்படி 18 பேர் கொல்லப்பட்டனர். பிரிட்டனிலிருந்த அமெரிக்கப் படையிலே கறுப்பர் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அந்தச் சிறையில் உயிரிழந்தவரிலோ பாதிக்கு மேற்பட்டோர் கறுப்பர்.

ஆகவே ஹென்றியின் முடிவு உறுதி என்றே எவரும் எண்ணியிருப்பர். ஆனால் பாத் நகரத்தார் எண்ணவில்லை. சாட்சியத்தைப் பத்திரிகையில் படித்தனர். நள்ளிரவில் முன்பின் அறியாத ஒருவனோடு வழிகாட்ட ஒரு பெண் இருட்டில் நடந்தாளா என்று கேட்டனர். வெள்ளைச் சிப்பாயாக இருந்தால் இந்தத் தீர்ப்பு வந்திருக்குமா என்றும் கேட்டனர். விண்ணப்பம் எழுந்தது. 33,000 பேர் கையெழுத்திட்டனர்! நகரத் தலைவரும் கையெழுத்திட்டார். 'டெய்லி மிரர்' எழுதிற்று, 'ட்ரிப்யூன்' எழுதிற்று. நார்மண்டியில் படைகள் இறங்கி, உலகின் கண்ணெல்லாம் அங்கே நிலைத்திருந்த ஜூன் மாதத்திலே, தலைமைத் தளபதி ஐசனோவரின் மேசைக்கு இந்த வழக்கும் போயிற்று. சாட்சியம் போதாது என்று கண்டார், தண்டனையை நீக்கினார், ஹென்றி பணிக்குத் திரும்பினார்.

தம் பிள்ளைகள் போர்முனையில், தம் வீடுகள் இடிபாட்டில், உணவோ பங்கீட்டில். அந்த நிலையிலே, பெயரைக்கூட முன்பு கேட்டிராத, நிறத்தாலும் நாட்டாலும் வேறான ஒரு லாரி ஓட்டுநனின் கழுத்துக்காக அவர்கள் நேரம் ஒதுக்கினர். வெறுக்கச் சொல்லித் தரப்படாத மனிதர்கள் என்ன செய்வார்கள் என்பதற்கு இதைவிட வேறு சான்று எதற்கு? நிறவெறி இரத்தத்தில் ஊறியது, இயற்கையில் அமைந்தது என்று வாதிட்டோர் உண்டு, இன்றும் உண்டு. இயற்கைக்குக் காவற்காரன் எதற்கு? இயந்திரத் துப்பாக்கி எதற்கு? ஊருக்குள் நுழைய ஒற்றை நாள் இரட்டை நாள் கணக்கு எதற்கு?

இங்கே ஆங்கிலேயருக்கு மாலை சூட்டிவிட்டு நான் எழுந்து போய்விடலாம். வரலாறு விடவில்லை. கறுப்புச் சிப்பாய்க்கும் ஆங்கிலப் பெண்ணுக்கும் காதல் மலர்ந்ததுண்டு. திருமணத்துக்கு மேலதிகாரியின் அனுமதி வேண்டும். அந்த அனுமதி கறுப்பருக்குக் கிட்டவேயில்லை எனலாம். அமெரிக்காவின் பல மாநிலங்களில் கலப்பு மணமே சட்டப்படி குற்றம். உச்சநீதிமன்றம் அந்தச் சட்டங்களை வீழ்த்தியது 1967இல்தான். வெள்ளைச் சிப்பாய்களை மணந்த ஆங்கிலப் பெண்கள் ஏறத்தாழ 70,000 பேர் 1946 முதல் கப்பல் கப்பலாக அமெரிக்கா சென்றனர். கறுப்புச் சிப்பாய்க்குப் பிறந்த குழந்தைகளோ, சுமார் 2,000 பேர், தந்தை முகம் அறியாமல் தங்கிவிட்டனர். சிலர் தாயின் மடியில். சிலர் பாட்டியின் வீட்டில். சிலர் சோமர்செட்டின் ஹால்னிகோட் மாளிகை போன்ற விடுதிகளில். சிப்பாயை வாழ்த்தி வரவேற்ற அதே தெரு, அவன் குழந்தையை ஏளனம் செய்தது.

பிறகு, 1948 ஜூன் 22. 'எம்பயர் விண்ட்ரஷ்' என்ற கப்பல் டில்பரித் துறையை அடைந்தது. மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வேலை தேடி வந்தவர்கள் இறங்கினர். போரிலே பிரிட்டனுக்காகப் பணியாற்றியவர்களும் அவர்களில் இருந்தனர். போர் முடிந்ததும் திரும்பிப் போய்விடும் விருந்தாளிகள் அல்ல இவர்கள்; பக்கத்து வீட்டில் குடியிருக்க, பக்கத்து இயந்திரத்தில் வேலை செய்ய வந்தவர்கள். இலண்டனின் வாடகை வீட்டுச் சன்னல்களிலே பலகைகள் தோன்றின: கறுப்பருக்கு இடமில்லை! 1958இல் நாட்டிங்ஹாமிலும் நாட்டிங் ஹில்லிலும் கலவரம் வெடித்தது. நிறபேதத்தைத் தடுக்கும் முதல் சட்டம் 1965 வரையில் வரவில்லை. அமெரிக்கப் படையிலோ, 1948 ஜூலையிலேயே குடியரசுத் தலைவர் ட்ரூமன் பாகுபாட்டை நீக்க ஆணையிட்டுவிட்டார். மாணவன் முந்திக்கொண்டான், பாராட்டுப் பெற்றவன் பின்தங்கினான்.

பேம்பர் பிரிட்ஜிலே நடந்ததைப் போர்க்காலத் தணிக்கை மறைத்தது. 1980களின் இறுதியிலே, அந்த ஊரின் வங்கி ஒன்றில் பழுதுபார்க்க வந்த ஒரு தொழிலாளி, சுவரிலே குண்டு துளைத்த தடங்களைக் கண்டார். 2022 ஜூன் மாதத்தில் ஹாப் இன்னுக்கு எதிரே ஒரு சிறு நினைவுத் தோட்டம் அமைந்தது. கூரை வேய்ந்த அந்த மதுக்கடை அதே இடத்தில் இருக்கிறது.